என் வாசலில் கலப்பை பூட்டிய கோணல் பாஸ்

கண்டிச் சீமையில் என்னை வாய்விட்டுக் கத்த வைத்த ஒரே மனிதர் கோணல் பாஸ்தான். மாமியாருக்குக்கூட நான் மெதுவாகத்தான் பதில் சொல்வேன். அந்த மனிதர் வந்த அன்றைக்கு என் குரல் வத்தேகமச் சந்தை வரை கேட்டிருக்கும்.

பெயர் யாருக்கும் தெரியாது. மெசின் வேலைக்காரர்களை எங்கள் பக்கம் பாஸ் என்போம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பதால் இவர் கோணல் பாஸ். என் கைக்குழந்தையையும் அப்படித்தான் பார்த்தார்.

"புள்ளைக்கு எடது காது கொஞ்சம் எறக்கமா இருக்கு, கிளாக்கரம்மா."

அன்று முழுவதும் நான் மகளின் காதுகளை அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் ஒரு டிராக்டர் இருந்தது. அதன் முதுகில் மாட்டும் பழைய கலப்பை ஒன்றை ஏலத்தில் எடுக்கச் சொன்னவர், அங்கே கிளாக்கராக இருக்கும் என் வீட்டுக்காரர். மழைக்கு முன் ஆற்றோரத் தட்டு நிலத்தை உழுது காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். கேட்காமல் வாக்குக் கொடுக்க அவருக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ! உழாவிட்டால் வேலை போகும். வேலையோடு கொடுத்த வீடும் போகும். கைக்குழந்தையோடு எந்த ஊரில் போய் நிற்பது?

கலப்பையை டிராக்டரில் பூட்ட வந்த பாஸ், சமதளத்தில் வைத்துத்தான் பூட்டுவேன் என்று அடம்பிடித்தார். தேயிலையில் மண்ணெண்ணெய் வாடை ஏறும் என்று டிராக்டரை ஃபெக்டரிக்குள் விடவில்லை. அந்த மலையில் மிச்சம் சமமாக இருந்தது எங்கள் சிமெந்து வாசல்தான். தேயிலையில் ஏறக்கூடாத வாடை என் குழந்தையின் மேல் ஏறலாமாம்!

டிராக்டர் வந்த சத்தத்தில் மகள் வீறிட்டாள். வெளியே ஓடிப் பார்த்தால், என் அம்மிக்கல் இடது பின்சக்கரத்தின் கீழே கிடந்தது. டிராக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"பாஸ், அது என் அம்மி!"

"ஒசரம் சரியா இருக்கும்மா. உழுவுறப்ப வலது சில்லு சால்ல எறங்கித்தானே ஓடும்? வண்டி அப்பவும் இப்பிடித்தான் சாஞ்சி நிக்கும். அந்தச் சாய்வுல வச்சித்தான் கலப்பைய மட்டம் பாக்கணும்."

"நான் எதுல அரைக்கிறது?"

"ஒரு நாளைக்கு அரைக்காம சாப்புடுங்க, தாயி."

மட்டம் பார்க்கும் கருவி அவரிடம் இல்லை. குழந்தை குளிக்கும் பேசினில் தண்ணீர் ஊற்றிக் கலப்பைச் சட்டத்தின் மேல் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் ஏறினால் ஒரு நட்டைத் திருகுவார். பிறகு இன்னொன்றை. அப்போதுதான் நான் கத்தினேன்.

"பேசினக் கீழ வைங்க! உங்களுக்கு வீடு வாசல், புள்ளகுட்டி ஒன்னும் கெடையாதா?"

"சத்தம் போடாதீங்கம்மா. தண்ணி ஆடுது."

கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று உடனே பயம் வந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போதாது என்றார். மறுபடியும் கோபம் வந்தது.

மறுநாள் ஆற்றோரத்தில் முதல் சால் நேராகத்தான் விழுந்தது. பாஸ் வெற்றிலை போட ஒதுங்கினார். துரை வருவதற்குள் இன்னும் ஆழமாக விழட்டும் என்று என் வீட்டுக்காரர் கலப்பையின் ஆழம் கூட்டும் திருகாணியை நன்றாக இறக்கிவிட்டார். மேட்டில் நின்ற நான் அதைப் பார்த்தேன். எதற்காக என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பாஸ் வந்து வண்டியை எடுத்தார். கலப்பையின் இரும்புக் கொழு, மண்ணுக்கு அடியில் கிடந்த கருங்கல்லில் மாட்டியது. முன்சில்லுகள் இரண்டும் குதிரையின் கால்களைப்போல எழும்பின. பாஸ் குதித்து உருண்டார். மெசின் இருமி நின்று, முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. கொழு இரண்டு துண்டு.

சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்த துரை, அடிவரை இறங்கியிருந்த திருகாணியைப் பார்த்துவிட்டார். "யார் திருகினது?"

என் வீட்டுக்காரர் ஓர் அடி பின்னால் போனார். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த பாஸ் திருகாணியைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னையும் என் இடுப்பில் இருந்த மகளையும் பார்த்தார்.

"நாந்தான் தொரை. பின்ன யாரு, கிளாக்கரா? அவருக்கு மைப்போத்தல் மூடியத் தெறக்கவே ரெண்டு ஆள் வேணும்!"

துரை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பாஸை அப்போதே தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார். துரைக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னாரே என்று எனக்கு ஆத்திரம். சொன்னதைக் கேட்டுக்கொண்டு இவர் நின்றாரே என்று அதைவிட ஆத்திரம். வீட்டுக்கு ஓடிச் சோற்றைப் போட்டு எடுத்து வருவதற்குள் பாஸ் மலைத் திருப்பத்தைத் தாண்டிவிட்டார்.

அவர் காப்பாற்றிக் கொடுத்த வீட்டில் ஒரு பிடி சாப்பிடாமல் போனாரே, அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் தீரவில்லை.