முதல் நிலை மந்திரவாதியை மேசையை விட்டு நீக்குவது குறித்து

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அக்காவும் நலம், தொலைபேசியில் அவள் கத்திய கத்தலில் தெரிந்தது. உங்கள் நலத்தை விசாரிப்பதைச் சனிக்கிழமை வரை ஒத்திவைக்கிறேன்.

உங்கள் சாப்பாட்டு மேசையில் வாராவாரம் பகடை உருட்டி ஆடும் சாகச விளையாட்டில் கதையை நடத்துபவர் நீங்கள். உங்கள் நண்பர் பல் டாக்டர் வாள்வீரன். நான் முதல் நிலை மந்திரவாதி. நாளுக்கு ஒரே மந்திரம். போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவனை நீக்கிவிட்டு, "அடுத்த வாரம் சுமைதூக்கியா வாடா மச்சான், கொஞ்சமாவது உபயோகமா இருப்ப" என்றீர்கள். இது பதில்.

குகையில் பந்தம் அணைந்தது. என் ஒரே மந்திரத்தைச் சொன்னேன்: ஒளி. உங்கள் நாக்கில் ளகரம் கிடையாது என்பது குடும்பமே அறிந்தது. காதிலும் கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது. இருட்டுக் குகை முழுக்க மணியோசை அதிர்ந்தது, தூங்கிய ஒன்பது பூதங்கள் எழுந்தன, டாக்டர் என்னைப் பார்த்தார், நான் பகடையைப் பார்த்தேன்.

"வெளிச்சம் கேட்டேன் அத்தான்."

"ஒலின்னுதானே சொன்ன?"

"ஒளி."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒலி."

பிறகு டாக்டர் வெட்டினார், வெட்டினார், முக்கால் மணி நேரம் வெட்டினார். நான் உங்கள் வீட்டுத் தட்டுகளைக் கழுவினேன்.

மந்திரம் தீர்ந்தால் மூளையும் தீர்ந்துவிடுமா? மந்திரவாதி படித்தவன். சுவரெழுத்தை வாசிக்கட்டும். படியில் எண்ணெய் ஊற்றட்டும். பூதத்திடம் பேச்சுக் கொடுக்கட்டும். மெழுகுவத்தி ஏற்றுவது, தாழ்ப்பாளைத் தள்ளுவது போன்ற சில்லறை வித்தைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யட்டும். "பத்தாம் நிலைக்கு வரட்டும், அப்புறம் பாரு" என்கிறீர்கள். அதுவரை உயிரோடு இருக்க வேண்டாமா? என் முந்தைய மந்திரவாதியைக் கோழியை விட்டுக் கொத்தவைத்தே கொன்றீர்கள்.

நானும் ஐந்து வருடம் படித்தேன். வெளியே வேலை தேடும் இடத்திலும் இதே ஆட்டம்தான். வாள் வைத்திருப்பவனுக்கு எல்லாச் சுற்றிலும் வேலை. மற்றவனிடம், "வந்து நில், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள்.

மந்திரவாதியை மேசையிலிருந்து எழுப்பினால் நானும் எழுந்துவிடுவேன். இது கொள்கை.

அக்காவுக்கு அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல செவியும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா அழைத்தாள். டாக்டருக்கு இனிச் சனிக்கிழமைகளில் வர முடியாதாம். வாளை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மந்திரவாதியை அடுத்த குகையிலேயே முடித்துவிடலாம். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நானே வெட்டுகிறேன்.