கொஞ்சம் காத்து வரட்டும்!

கால்பந்து மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஆடுகிறார்கள், ஒருவர் விசில் ஊதுகிறார், இரண்டு பேர் கோட்டோரம் கொடி பிடிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நீங்கள் நினைத்திருந்தால், நீங்கள் இன்னும் மைதானத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இன்னொருவர் இருக்கிறார். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. பந்து தன் பக்கம் வந்தால் நாசூக்காக ஒதுங்கிக்கொள்வார். ஆனால் ஓர் ஆட்டக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாரோ இல்லையோ, நடுவரின் விசிலுக்கு முன்னால் அவர் குரல் கிளம்பிவிடும்.

"தள்ளுங்க, தள்ளுங்க! கொஞ்சம் காத்து வரட்டும்!"

வாசகர்களே, இவர்தான் வாய்வைத்தியர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. அடிபட்டவர் பக்கத்தில் மண்டியிட்டிருப்பவர் வாய்வைத்தியர் அல்ல. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையின் ஒற்றை விரலை வானத்தை நோக்கி உயர்த்தி, அடிபட்டவருக்கு வரவேண்டிய காற்று முழுவதையும் தன் உடம்பாலேயே மறைத்துக்கொண்டு, ஒருவரைத் தண்ணீருக்கும், ஒருவரைத் தைலத்துக்கும், தண்ணீருக்குப் போனவர் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க மூன்றாமவரையும் அனுப்பிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். அடிபட்டவரை அவர் தொடமாட்டார். தொடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் சொல்வதற்கு இருக்கிறார்.

இவர்களில் ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். நான் வேலை பார்க்கும் பெயிண்ட் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். அதில் இருக்கும் கேலி அவர் காதில் மட்டும் விழுந்ததில்லை. எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அதில் நான் ஒன்பது வருடமாக மாற்று ஆட்டக்காரன். அதாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். ஆகவே டாக்டரின் சேவையைக் கவனிக்க எனக்கு நிறைய அவகாசம் கிடைத்திருக்கிறது.

என்ன சேவை என்கிறீர்களா? எங்கள் கோல்கீப்பருக்கு ஒருமுறை பந்து பட்டு மூக்கில் ரத்தம் வழிந்தது. "அண்ணாந்து பாரு! நல்லா அண்ணாந்து பாரு!" என்றார் டாக்டர். கோல்கீப்பர் அண்ணாந்தார். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி, இரண்டு நிமிடத்தில் கோல்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். "பாத்தீங்களா? உள்ள இருந்த கெட்டதெல்லாம் வெளிய வந்துடுச்சு" என்றார் டாக்டர். கொடி பிடிப்பவருக்குக் கணுக்கால் பிசகியபோது நான்கு பேரை விட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னார். கால் ஒரு பந்து அளவுக்கு வீங்கியது. "வீங்குதுன்னா குணமாகுதுன்னு அர்த்தம்" என்றார். வெயிலில் மயங்கிய ஒரு பார்வையாளரின் மூக்கருகே, மயக்கம் தெளிய, பின்வரிசை ஆட்டக்காரரின் காலுறையைக் காட்டச் சொன்னார். அது மட்டும் பலித்தது. அந்த மனிதர் எழுந்து ஓடியவர் அந்த மைதானத்துப் பக்கமே திரும்பி வரவில்லை.

டாக்டரிடம் ஒரு தோள்பை உண்டு. அதில் ஒரு தைலப்புட்டி, ஒரு சோடா, கிழிந்த பழைய துண்டு, அப்புறம் தலைசுற்றல்காரர்களுக்குக் கொடுக்கவென்று கோலிக்குண்டு அளவில் உருண்டை உருண்டையாக எலுமிச்சை மிட்டாய்கள். நோயாளிகள் கிடைக்காத நாட்களில் மிட்டாய்களை அவரே சாப்பிட்டுவிடுவார்.

கொடிக்காரரின் கணுக்கால் விவகாரம் மேனேஜர் வரைக்கும் போனது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. இரண்டு சனிக்கிழமை முதலுதவிப் பயிற்சி. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வருகிறார். குடும்பத்தினரும் வரலாம். முடிவில் சான்றிதழ்.

"பொம்மைக்கு வைத்தியம் பாக்கற வயசா எனக்கு?" என்று சிரித்தார் டாக்டர். ஆனால் சான்றிதழ் என்ற சொல் அவரைத் தூங்கவிடவில்லை. ஸ்டோர் ரூமில் அதை எங்கே மாட்டலாம் என்று ஆணிகூட அடித்துவிட்டார். கடைசியில் மனைவியிடம் சொன்னார்: "நீ போய் என் பேருல உக்காந்துட்டு வா. சர்ட்டிபிகேட்ட மட்டும் வாங்கிட்டு வந்துடு."

அவர் மனைவி தபால் நிலையத்தில் கவுண்டரில் இருப்பவர். அதிகம் பேசமாட்டார். பேசுவதற்கு வீட்டில் வாய்ப்பும் இருந்ததில்லை. இருபது வருடமாகக் கடிதங்கள் மேல் டமார் டமார் என்று முத்திரை குத்தி, வலது கை மட்டும் ஒரு சுற்று பெருத்திருக்கும். அந்த அக்கா பயிற்சிக்குப் போனார். பயிற்சியாளர் அம்மா, "உக்கார்றவங்க பேருலதான் குடுப்போம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா தன் பெயரிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்ததுடன் நிற்காமல், கேள்வி வேறு கேட்டார்.

"மேடம், தொண்டையில ஏதாவது அடைச்சா பின்னால நின்னு வயித்தைக் கட்டிப் பிடிக்கணும்னு சொல்றீங்க. ஆளு ரொம்ப பருமனா இருந்து கை எட்டலைன்னா?"

"அப்போ நெஞ்சு எலும்பு மேல கையை வச்சு இழுக்கணும். ஏன்மா கேக்குறீங்க?"

"சும்மாதான். வீட்டுல ஒருத்தர் இருக்கார்."

அன்றைக்கு வகுப்பே சிரித்தது. மாலையில் வீடு திரும்பிய அக்காவிடம், அவர் என்னென்ன கற்றுக்கொண்டார் என்பதை டாக்டரே அரைமணி நேரம் விளக்கினாராம்.

இதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்கும் பஸ் டிப்போ அணிக்கும் ஆட்டம் நடந்தது. இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் அணியின் முன்வரிசைக்காரர், தொழிற்சாலையில் சுமைதூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும்போது திடீரென்று, "ஐயோ, கால்!" என்று சரிந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வேறொன்றும் இல்லை. காலை நீட்டி, பாதத்தை மெல்ல மடக்கிவிட்டால் சரியாகிவிடும் சமாச்சாரம்.

டாக்டர் சும்மா இருப்பாரா? சுவாரஸ்யமான கேஸ் கிடைத்த உற்சாகத்தில் ஒரு மிட்டாயைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, மைதானத்துக்குள் ஓடினார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. அவர் உடம்பும் பார்த்ததில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க! கொஞ்சம் காத்து..."

அத்தோடு நின்றது.

இரு அணியும் நடுவரும் வட்டமாக நின்று, "வரட்டும்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. டாக்டரின் வாய் திறந்திருந்தது. கண்கள் பிதுங்கின. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"காலரைத் தளர்த்தச் சொல்றார்" என்றார் கோல்கீப்பர். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்று பேர் பாய்ந்து தரையில் கிடந்தவரின் சட்டையைத் தளர்த்தப் பார்த்தார்கள். அதில் காலரும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆகவே சட்டையையே கழற்றிவிட்டார்கள்.

டாக்டர் இரண்டு கையையும் வீசினார்.

"இன்னும் தள்ளிப் போகச் சொல்றார்!" கூட்டம் பத்தடி பின்வாங்கியது.

டாக்டர் காலால் தரையை உதைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"மிதிக்கச் சொல்றாரா?" என்றார் டிப்போ அணியின் கேப்டன்.

"அப்படித்தான் தெரியுது" என்றார் கோல்கீப்பர். ஏறி, பிடித்துக்கொண்ட காலின் மேல் ஒரு மிதி மிதித்தார்.

"யோவ்! என் காலை விடுங்கய்யா! அந்த ஆளு ஏதோ ஆடிட்டு இருக்காருன்னா நீங்களும் ஆடுவீங்களா?" என்று அலறினார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

நான் பெஞ்சில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. டாக்டர் கொஞ்சம் அமைதியாக இருக்கிறாரே, இன்றைக்கு நல்ல நாள் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்ததை வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. ஆட்டம் பார்க்க வந்து வேலியோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில், விழித்திருக்கும்போது அவர் கணவர் பத்து விநாடி சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை. அக்கா செருப்பை உதறிவிட்டு ஓடினார்.

"ஏங்க! தொண்டையில அடைச்சிருக்கா? பேச முடியுதா?"

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். இருமக்கூட முடியவில்லை. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.

"நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று நடுவரை நேராகக் கைகாட்டிச் சொன்னார் அக்கா. "யாராவது" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். "யாராவது" என்று சொன்னால் யாருமே பண்ணமாட்டார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். பிறகு கணவரின் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, அவரை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

டமார்! தபால் நிலையத்தின் முத்திரைச் சத்தம் அப்படியே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மிட்டாய் அசையவில்லை. டாக்டரின் முழங்கால்கள் தளர ஆரம்பித்தன.

அக்கா பின்னால் போய் வயிற்றைச் சுற்றிக் கை போட்டார். எட்டவில்லை. அரை விநாடிகூட யோசிக்கவில்லை. கையை மேலே ஏற்றி, நெஞ்சு எலும்பின் நடுவில் முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, பின்னால் இழுத்தார். ஒன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. மூன்றாவது இழுப்பில் 'தொப்' என்று ஒரு சத்தம். எலுமிச்சை மிட்டாய் வானத்தில் கிளம்பி, வளைந்து போய், டிப்போ கேப்டனின் நெற்றியில் பட்டு விழுந்தது.

டாக்டர் மூச்சு இழுத்தார். அந்தச் சத்தம் எதிர்ப்பக்க வேலி வரை கேட்டது. யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். அந்த வருடம் எங்கள் அணி வாங்கிய ஒரே கைதட்டல் அதுதான்.

புல்தரையில் உட்காரவைத்தோம். முகம் கத்தரிப்பூவிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து பழைய நிறத்துக்கும் இறங்கியது. சாவின் வாசல்படி வரை போய் வந்த மனிதர் முதலில் என்ன சொல்லப்போகிறார் என்று இரண்டு அணியும் குனிந்து காத்திருந்தன. டாக்டர் மெல்ல ஒற்றை விரலை உயர்த்தினார்.

"முதுகுல... ரெண்டு விரல் மேல... தட்டியிருக்கணும்."

"அடுத்த தடவை நீங்களே தட்டிக்கோங்க" என்றார் அக்கா.

மிட்டாய்தான் வந்துவிட்டதே, ஆம்புலன்ஸ் எதற்கு என்று டாக்டர் கேட்டார். நெஞ்சை அவ்வளவு அழுத்தியிருக்கிறது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக ஏற்றினார். துணைக்கு நானும் ஏறினேன். எப்படியும் என்னை ஆட்டத்தில் இறக்கப்போவதில்லை. டாக்டர் டிரைவருக்குக் குறுக்குவழி சொன்னார். நாடி பார்த்தவரிடம், "கட்டைவிரலை வைக்காதீங்க" என்றார். பிறகு தற்செயலாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

அக்கா மடியில் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முத்திரைக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் நடுக்கம் வந்திருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். மருத்துவமனை வாசல் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை தொண்டையில் எதுவும் அடைத்திருக்கவில்லை.

அதிசயம் அங்கேயே முடிந்தது. "சரியான நேரத்துல சரியா செஞ்சிருக்காங்க. யாரு பண்ணது?" என்று மருத்துவர் கேட்டபோது, "நாங்கதான்" என்றார் எங்கள் டாக்டர்.

அடுத்த பயிற்சிக்குப் பெயர் எழுத அறிவிப்புப் பலகையில் இடம் போதவில்லை. கோல்கீப்பர், ஃபோர்க்லிஃப்ட்காரர், டிப்போ கேப்டன், நான், நடுவர்கூட. டாக்டரும் வந்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சியாளர் அம்மாவுக்கு உதவி செய்யத் தொடங்கினார். "அது அப்படி இல்லைங்க மேடம், எங்க பெரியப்பா பையனுக்கு..." என்று மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது, அந்த அம்மா அவரை எழுப்பி, பாயில் படுக்கச் சொன்னார். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பது எப்படி என்று இருபது பேரும் வரிசையாக அவரைப் புரட்டிப் பழகினோம்.

"காலை இன்னும் கொஞ்சம் மடக்கு" என்றார் பாயில் கிடந்த டாக்டர்.

"மயங்கினவங்க பேசமாட்டாங்க சார்" என்றார் பயிற்சியாளர் அம்மா.

இதைப் படிக்கும்போது உங்கள் மனக்கண்ணில் உங்கள் மேலதிகாரி வந்து போயிருப்பார். மைத்துனர் வந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் கண்டிப்பாக வந்திருப்பார். வாய்வைத்தியர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர்களுக்கு வேறொருவர் முகம்தான் தெரியும். எனவே ஒரு சின்னப் பரீட்சை. அடுத்த முறை உங்கள் முன்னால் ஒருவர் சுருண்டு விழும்போது, உங்கள் கை முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். விழுந்தவர் பக்கம் போனால் நல்லது. ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு மேலே போனால், தயவுசெய்து அதை மடக்கிக்கொண்டு, அருகில் எங்கே முதலுதவி வகுப்பு நடக்கிறது என்று விசாரியுங்கள்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா..." என்று ஆரம்பிக்கிறீர்கள், பாருங்கள்.