சிஐடி சிஸ்டரும் பதினைந்து வீல்சேரும்

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரைக்கும் இருக்கிற அத்தனை ஜீவராசிகளையும் சந்தேகப்பட்டவர் எங்கள் சிஐடி சிஸ்டர் ஒருவர்தான். மனிதர்களோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. வார்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். ஒழுங்காகச் சொட்டுகிற குளுக்கோஸ் பாட்டிலைச் சந்தேகப்பட்டார். வலியே இல்லை என்று சிரிக்கிற நோயாளியை எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டார். கடல் ஒன்றுதான் பாக்கி. அது ஆஸ்பத்திரிக்குத் தூரத்தில் இருந்ததால் தப்பித்தது.

நான் திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாம்மா. பெயர் தனம். எட்டாவது வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிஐடி சிஸ்டர் எங்கள் ஹெட் நர்ஸ். நெஞ்சில் பெயர் பேட்ஜ் குத்தியிருப்பார். ஆனால் அவர் எதிரில் நின்று அதைப் படிக்கிற தைரியம் எங்களில் ஒருத்திக்கும் வந்ததில்லை.

பட்டப்பெயர் வைத்தது நெம்மேலியிலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பெரியவர்.

"மாத்திரை போட்டாச்சா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"போட்டுகினேன் சிஸ்டர்."

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். மாத்திரை அங்கே இருந்தது.

"இப்ப தலகாணியத் தூக்குங்க."

அதன் அடியில் முந்தாநாள் மாத்திரை. சட்டைப் பையில் கை வைத்தபோது பெரியவர் அழுதே விட்டார். "இன்னாம்மா நீ சிஐடியா? ஸ்டேஷன்ல கூட என்ன இப்டி சோதன போடலயே!"

இவர் எதற்காக ஸ்டேஷனுக்குப் போனார் என்று சிஸ்டர் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. பயம் வந்தது அவர் மேல்படிப்பில் சேர்ந்த பிறகுதான். கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மடியில் தடித்தடியாகப் புத்தகம். என்ன படிப்பு என்று பிரசவ வார்டு ஆயாம்மா லூர்து அக்காவைக் கேட்டேன். அவளுக்குத் தெரியாத சங்கதி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

"நர்ஸுங்கள மேய்க்கிறது எப்டின்னு பாதி, கம்பெனி நடத்துறது எப்டின்னு பாதி. ரெண்டும் சேந்து ஒரே பெரிய பட்டம். எம்.பி.ஏ.வும் அதுலயே கீதாம்."

"ஆஸ்பத்திரிக்கு கம்பெனி படிப்பு இன்னாத்துக்குக்கா?"

"ஆளக் குறைக்கத்தான், வேற இன்னாத்துக்கு? என் தங்கச்சி மவன் கம்பெனிக்கு இப்டித்தான் ஒருத்தன் நோட்டு எடுத்துகினு வந்தான். அடுத்த மாசம் பாதி பேரு வூட்ல."

அன்றிலிருந்து சந்தேகப்படுகிற வேலையில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

சொன்னது போலவே சிஸ்டர் நோட்டோடு வந்தார். எங்கள் பின்னாலேயே நடந்தார். நாங்கள் நின்றால் நின்றார். செல்போனில் நேரம் பார்த்துப் பார்த்து எழுதினார்.

"தனம்மா, துணி ரூமுக்குப் போய்ட்டு வர நாலு நிமிஷம். நடுவுல ஒரு இடத்துல நின்னீங்க. எதுக்கு?"

"முருகர் படம் இருந்துச்சு சிஸ்டர். கும்பிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"சாமி கும்புடறத யாராச்சும் கணக்கு பாப்பாங்களா சிஸ்டர்?"

பார்த்திருந்தார். பன்னிரண்டு விநாடி. எழுதியும் வைத்துவிட்டார். மறுநாள் நான் பயந்துபோய் நான்கே விநாடியில் கும்பிட்டு ஓடினேன். அதையும் குறித்துக்கொண்டு, "இன்னைக்கு ஏன் குறைஞ்சுது?" என்றார்.

அவருடைய பெரிய சந்தேகம் வீல்சேர் மேல்தான். ரிஜிஸ்டரில் பதினாலு. கண்ணுக்குத் தெரிந்தது ஐந்து. மீதி எங்கே? கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். பெரிய ஆஸ்பத்திரியோ சின்ன ஆஸ்பத்திரியோ, ஆயாம்மாக்களுக்கு இது தெரிந்த விஷயம். நல்ல வீல்சேரை வராந்தாவில் விட்டால் அடுத்த வார்டு கொண்டு போய்விடும். அதனால் ஆளுக்கு ஒன்றிரண்டை ஒளித்து வைத்திருப்போம். லூர்து அக்காவுடையது பிரசவ வார்டுத் திரைக்குப் பின்னால். என்னுடையது ரிப்பேரான எக்ஸ்ரே அறையில். போர்வை போர்த்தி, தலைமாட்டில் தலையணையும் வைத்திருந்தேன். எட்டிப் பார்ப்பவர்கள் நோயாளி தூங்குகிறார் என்று மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஒரு டிரெய்னி நர்ஸ் அதற்குக் காய்ச்சல் பார்க்கக்கூடப் போனாள்.

இதற்கிடையில் மேனேஜர் அறைக்கு டீ கொண்டுபோன லூர்து அக்கா முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"தனம், ஆறு ஆயாம்மால ரெண்டு பேரு வேஸ்ட்டுன்னு மேனேஜர் சொல்றாரு. சிஸ்டர் படிப்புக்கு எழுதுற ரிப்போர்ட்ல அத எழுதிக் குடுத்தா, காலேஜுக்குப் போற பேப்பர்ல கையெழுத்து போடுறாராம். இல்லன்னா போட மாட்டாராம்."

"சிஸ்டர் இன்னா சொன்னாங்க?"

"யோசிக்கிறேன்னாங்க."

யோசிக்கிறேன் என்றால் எங்களுக்கு எழுதுகிறேன் என்றுதான் கேட்டது. முட்டி வலிக்காரி நான் ஒருத்தி, வாய்க்காரி லூர்து ஒருத்தி. அந்த ரெண்டு பேர் யார் என்று சொல்லவா வேண்டும்? என் வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால்தான். அன்று முருகர் முன்னால் நின்றேன். எத்தனை விநாடி என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் அன்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். ஸ்ட்ரெச்சர், பி.பி. மெஷின், மாப்பு பக்கெட், எதையும் விடமாட்டோம். சிஸ்டருக்கு லீவு என்று கேள்விப்பட்டோம். நான் எக்ஸ்ரே அறைக்குப் போனேன். வருஷம் முழுக்க எனக்காக உழைத்த வண்டி. அதை மட்டும் பொட்டில்லாமல் இருட்டில் விட்டால் என் மனசு கேட்குமா? மெல்லத் தள்ளிக்கொண்டு போர்டிகோவுக்கு வந்தேன். எதிரே லூர்து அக்கா தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு வருகிறாள்.

"நீ வேதக்காரியாச்சேக்கா?"

"நான் வேதக்காரி. வீல்சேர் இன்னா ஞானஸ்நானமா வாங்கிகிச்சு? நீ பொட்ட வை."

ஒவ்வொரு மூலையிலிருந்தும் சக்கரச் சத்தம். எல்லாருக்கும் அதே மனசுதான் போலிருக்கிறது. வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினோம். தட்டில் கை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஒரு பட்டுப்புடவை அம்மாவை யாரோ நோயாளியின் சொந்தம் என்று நினைத்தேன். அந்த அம்மா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"...பதிமூணு, பதினாலு, பதினஞ்சு."

யூனிஃபார்ம் இல்லாத சிஐடி சிஸ்டரை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ரிஜிஸ்டரைவிட ஒன்று எப்படி அதிகமானது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இது யாரோடது?" என் வண்டி மேல்தான் கை வைத்தார்.

"என்னுது சிஸ்டர்." வேலை போனது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

ஒளித்தாயா என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் என்று கேட்டவர் இவர்தான். சொன்னேன். படாளத்திலிருந்து வந்த ஒரு தாத்தாவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, வண்டி தேடி மூன்று வார்டு அலைந்தேன். திரும்பி வருவதற்குள் அவர் தானே எழுந்து நடக்கப் பார்த்து, விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துபோனது. அன்று ஒளித்த வண்டிதான் இது. சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் நோட்டை எடுக்கவில்லை. கற்பூரம் அணையும் வரை நின்றார்.

மறுநாள் முழு டியூட்டியும் என்னோடு அவரே வண்டி தள்ளினார். சாயந்திரம் ஷூவைக் கழற்றி, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தினமும் இவ்வளவா நடக்கிறீங்க?" என்று கேட்டார். என் காலையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

ரிப்போர்ட் கொடுத்த அன்று மேனேஜர் அறை வாசலை நான் வெகு நேரம் துடைத்தேன். அவ்வளவு சுத்தமாக அது என்றைக்கும் இருந்ததில்லை.

"மேடம், ரெண்டு ஆளை எடுக்கலாம்னு ஒரே ஒரு வரி. எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அந்த வரிக்கு ஆதாரம் இல்ல சார். ஆள் அதிகமில்ல. ஒவ்வொரு வார்டுக்கும் சொந்தமா வண்டி குடுத்தா யாரும் ஒளிக்க மாட்டாங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"உங்க படிப்பு என்ன ஆகும்?"

"அடுத்த வருஷமும் காலேஜ் இருக்கும் சார்."

மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. அவர் கேட்ட வரி கிடைக்காததால், ஆளைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் காட்ட அவர் கையிலும் பேப்பர் இல்லை. நாங்கள் ஆறு பேரும் அப்படியே இருக்கிறோம். சிஸ்டருக்குத்தான் ஒரு வருஷம் போனது. மகாபலிபுரம் பக்கம் வேறு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, புது ரிப்போர்ட்டுக்காக முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

இதில் அவருக்கு என்ன லாபம் என்று நானும் லூர்து அக்காவும் ஒரு மாதம் துப்பறிந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

போன மாதம் போன் வந்தது.

"தனம்மா, நான் பாஸாயிட்டேன்."

"மெய்யாலுமா சிஸ்டர்?"

"ஏன், சந்தேகமா?"

அன்று மாலை விளக்கேற்றிக் கும்பிடும்போது, என் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் 'சிஐடி சிஸ்டர்' என்று வாயில் வந்துவிட்டது. நான் திருத்திச் சொல்லவில்லை.