அன்னக் கழுத்துக் குழாய்த் திட்டம்

நீரை ஆள நினைத்த மனித குலம் இதுவரை மூன்று பெரும் படிகளைத் தாண்டியிருக்கிறது. முதலில் ஆற்றுக்குக் கரை கட்டியது. பிறகு அணை கட்டியது. மூன்றாவதாக, திட்டம் சார் வீட்டுச் சமையலறையில் குழாய் மாற்றியது. முதல் இரண்டையும் பற்றி ஏராளமாகப் பேசியாகிவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

திட்டம் சார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஒரு பெரிய கம்பெனியில் திட்டப் பிரிவின் துணை மேலாளர் என்பதால் தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டது. "ஆபீஸ்ல திட்டம், வீட்டுல திட்டு" என்று அவர் மைத்துனர் சொல்வதை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஒருநாள் காலை அவர் மனைவி வந்து சொன்னாள்: "ஏங்க, சிங்க் குழாய் எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகுது. வேற ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க. வெந்நீரும் பச்சத்தண்ணியும் சேர்ந்து வர்ற, இப்ப இருக்கற மாதிரியே ஒண்ணு போதும்."

வேறு யாராவது என்றால் அன்றைக்கே கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்து மாட்டித் தொலைத்திருப்பார்கள். அதனால்தான் அவர்கள் இன்னமும் வேறு யாராவதாகவே இருக்கிறார்கள். திட்டம் சார் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அவசரப்படக் கூடாது. பிரச்னை குழாய்லயா, குழாயைப் பத்தின நம்ம பார்வைலயான்னு முதல்ல பார்க்கணும்."

"பார்வை இருக்கட்டும். கீழ பாருங்க, தரையெல்லாம் தண்ணி."

அன்றே 'உயர்நிலைக் குழாய்த் தேர்வுக் குழு' பிறந்தது. தலைவர் அவர். உறுப்பினர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. தெரியாத விஷயத்தில் தயங்காமல் கருத்துச் சொல்லும் அபூர்வத் தகுதி அவருக்கு இருந்தது. மனைவி 'சிறப்பு அழைப்பாளர்'. டீயோடு உள்ளே வரலாம், காலிக் கோப்பையோடு வெளியே போகலாம்.

ஞாயிறுதோறும் குழு ஹாலில் கூடியது. அவள் பழைய துணி ஒன்றைக் குழாயின் கழுத்தில் இறுக்கிக் கட்டி, கீழே வாளி வைத்து, வாளி நிரம்பினால் கொட்டிவிட்டு வந்து பாத்திரம் கழுவினாள். இந்த 'இடைக்கால ஏற்பாட்டை' குழு ஒருமனதாகப் பாராட்டியது.

"அத்தான், சென்சார் குழாய் பார்த்தீங்களா?" என்றார் மைத்துனர். "கைய நீட்டினா தண்ணி வரும். கைய எடுத்தா நின்னுரும்."

"அப்ப உங்க அக்காவைவிட நல்லாக் கேக்கும்னு சொல்லு."

"இங்கயும் நல்லாத்தான் கேக்குது!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சென்சார் அத்தோடு கைவிடப்பட்டது.

ஒருமுறை அவள் டீத் தட்டோடு நின்று, "எது வாங்கினாலும் உயரத்தைப் பார்த்து வாங்குங்க. சிங்க்குக்கு மேல ஜன்னல்..." என்று ஆரம்பித்தாள்.

"பயனாளர் கருத்து அடுத்த கூட்டத்துல" என்றார் தலைவர். அடுத்த கூட்டம் முழுவதையும் பளபளப்பா, மங்கலா என்ற கேள்வி எடுத்துக்கொண்டது.

கடைசியில் குழு நேரில் கடைக்கே போனது. சுவர் முழுக்கக் குழாய்கள். நடுவில் ஒன்று, அன்னப் பறவைபோலக் கழுத்தை உயர்த்தி வளைத்து நின்றது. திட்டம் சார் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றப் போனார்.

"ஹோட்டல்ல போடுறது சார்" என்றார் விற்பனையாளர். "முந்நூறு தட்டு வந்தாலும் அசராது."

"நம்ம வீட்டுல மூணு தட்டுதானே, அத்தான்" என்று மைத்துனர் ஒரு பலவீனமான கணத்தில் சொல்லிவிட்டார்.

"எதிர்காலம்னு ஒண்ணு இருக்குப்பா" என்றார் தலைவர். விற்பனையாளர் பில் புத்தகத்தை எடுத்தார்.

பொருத்துவதற்கு ஆள் கூப்பிடலாமே என்றாள் மனைவி. "ஒரு நட்டு, ரெண்டு ஓஸ். இதுக்குப் போய் பிளம்பரா?" என்று சொல்லிவிட்டு, திட்டம் சார் டார்ச்சோடு சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்தார். மைத்துனர் வெளியே நின்று விளக்கத் தாளை உரக்க வாசித்தார்.

"வால்வை மூடியாச்சான்னு கேட்டிருக்கு, அத்தான்."

"எந்த வால்வு?"

அந்தக் கேள்விக்குத் தண்ணீரே பதில் சொன்னது. அவள் ஓடிப்போய் வெளி வால்வை மூடி வருவதற்குள் தலைவர் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். "நீர் அழுத்தச் சோதனை திருப்திகரம்" என்று அறிவித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டார். மதியத்துக்குள் அன்னம் எழுந்து நின்றது. சிவப்புப் பக்கம் திருப்பினால் பச்சைத்தண்ணீரும், நீலப் பக்கம் திருப்பினால் வெந்நீரும் வந்தன. "பழகிக்கலாம்" என்று குழு தீர்மானித்தது.

அவள் சமைக்க வந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் வழக்கம்போல ஜன்னல் கதவை உள்பக்கம் இழுத்தாள். கதவு அன்னத்தின் கழுத்தில் 'ணங்' என்று மோதி நின்றது. ஒரு விரல் இடுக்குத்தான் திறந்தது. புகை போகவும் காற்று வரவும் அந்தச் சமையலறைக்கு இருந்தது அது ஒன்றுதான். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். ணங்.

தணிக்கை அதிகாரி வந்து எதிரில் உட்கார்ந்ததுபோல் திட்டம் சார் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஜன்னல் விஷயத்தைக் குழு பரிசீலிக்கும்" என்றார். "முதல்ல ஜன்னல் அவசியமாங்கறதையே..."

"குழாயைத்தான் மாத்தச் சொன்னேன்" என்றாள் அவள். "மூச்சை அடைக்கச் சொல்லல."

சத்தம் போட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். பழக்கம். அவள் சத்தம் போடவில்லை. கரண்டியை மேடையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். குழு உறுப்பினர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். 'திரும்பி வருவாளா' என்பது எந்தக் கூட்டத்திலும் பேசப்படாத விஷயம்.

வந்தாள். கையில் குட்டையான ஒரு குழாய், பின்னால் ஒரு பிளம்பர்.

"இங்க யாரு பாத்திரம் கழுவுறது?" என்று பிளம்பர் கேட்டார்.

"குடும்பமாத்தான்" என்றார் திட்டம் சார்.

"அப்ப நீங்களே வாங்க சார். கழுவுற மாதிரி நில்லுங்க, கைக்கு வாகா இருக்கான்னு பார்த்துக்கறேன்."

திட்டம் சார் சிங்க்குக்கு முன் கம்பீரமாக வந்து நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

"கழுவுற மாதிரி சார். பார்வையிடுற மாதிரி இல்ல."

அவள் அவரை மெல்ல நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள். குட்டைக் குழாய் ஏறியது. சிவப்பில் வெந்நீர் வந்தது. ஜன்னல் சுவர்வரை திறந்தது. காற்று உள்ளே வர, அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அப்படியே நின்றாள்.

திட்டம் தோற்றது என்று சொல்பவர்களுக்குத் திட்டம் தெரியாது. "முதல் கட்டம், எது கூடாதுன்னு கண்டுபிடிக்கிறது. ரெண்டாம் கட்டம், வெற்றி" என்று விளக்கினார் தலைவர். அன்னம் ஹால் கண்ணாடி அலமாரியில், ஆபீஸ் கேடயங்களுக்கு நடுவே குடியேறியது.

அடுத்த ஞாயிறு பாராட்டுக் கூட்டம். அக்கம்பக்கத்தார் வந்து டீ குடித்தார்கள். மைத்துனர் சால்வை போர்த்தினார். கோப்பைகளெல்லாம் சிங்க்கில் சேர்ந்ததும் அவள் ஹாலுக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குழாயை நீங்களே ஒரு தடவை தொறந்து காட்டுங்களேன்."

சால்வையோடு போனார். திறந்தார். கோப்பைகள் மேல் தண்ணீர் அழகாக விழுந்தது. கைதட்டல். மூடினார். கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினார்.

"கோப்பை?" என்றாள்.

"அது செயலாக்கம். என் பிரிவு திட்டம்."

அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள்.

ஆகவே, திட்டம் சார் சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் என்று இனி எவரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. எட்டிப் பார்த்தார். அந்தக் குழாயும் என்றைக்காவது ஒருநாள் ஒழுகும். அப்போது மறுபடியும் வருவார்.