பீரோவில் வைத்த அஞ்சு சென்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வாங்காத நிலத்துக்கு நான் பதினோரு நாள் சொந்தக்காரனாக இருந்திருக்கிறேன். அந்த நிலத்தைச் சொல்லித்தான் எனக்குப் பெண்ணே பேசி முடிந்தது. மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். மோசடி செய்யக் கொஞ்சமாவது மூளை வேண்டும். அந்த வயதில் என்னிடம் இருந்தது வாசனை மட்டும்தான்.

பிரிகேடியர் என்று ஆண்களுக்கான ஒரு சென்ட் அப்போது வந்துகொண்டிருந்தது. சதுரமான பச்சை பாட்டில், குதிரைத் தலை வடிவத்தில் வெள்ளி நிற மூடி. அடித்தவுடன் எலுமிச்சைத் தோல் வாசனை வரும். கால் மணி நேரம் கழித்துப் புதிதாகச் சீவிய பென்சில் வாசனை. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது லேசாகச் சவர சோப்பு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் என் நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டதாக எனக்குத் தோன்றும். (பனியன் சைஸ் மாறவில்லை.)

பழக்கம் ஆரம்பித்தது அண்ணாமலை நகரில் படித்தபோது. விடுதியில் என் அறைத் தோழனுக்கு அவன் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் அவனைக் கேட்காமல் அதை அடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். முன் பெஞ்சிலிருந்த பெண் திரும்பி, "நல்லா இருக்கே, என்ன சென்ட் இது?" என்று கேட்டாள். படித்து முடிக்கும்வரை ஒரு பெண் தானாக வந்து என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது. (நான் சொன்ன பதில்: "ஆமா.") அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அடுத்த எட்டு வருடம் நான் வேறு எந்த வாசனையையும் தொடவில்லை.

அதன் பிறகு கடலூரில் வேலை, முதுநகரில் வீடு. ஒரு நாள் திருப்பாதிரிப்புலியூரில் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"அது நின்னு போச்சு சார். கம்பெனிக்காரனே வுட்டுட்டான். இந்தப் புதுசப் பாருங்க, பசங்கல்லாம் இதான் அடிக்கறாங்க."

முகர்ந்து பார்த்தேன். பழ மிட்டாயை வெயிலில் காயவைத்த வாசனை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் அம்மா எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார். ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப் போயிருந்தது. பிரிகேடியர் இருக்கும்போதே இந்த லட்சணம், அதுவும் இல்லையென்றால் என் கதி என்ன என்று உண்மையிலேயே கவலைப்பட்டேன்.

விசாரித்துக்கொண்டே போனதில் லால்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் எண் கிடைத்தது. வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து போன் செய்தேன். "இருக்கு தம்பி, கடைசியா அஞ்சுதான் இருக்கு. இனிமே வராது" என்றார் அவர். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

"பாய், அந்த அஞ்சு சென்டும் எனக்குத்தான். வேற யாருக்கும் காட்டிடாதீங்க. ஞாயித்துக்கிழம நேர்ல வந்து முடிச்சிடறேன்" என்றேன்.

இந்தப் பேச்சைச் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் பலராமன் மாமா, அம்மாவின் தம்பி. அவர் பத்திர எழுத்தர். பதிவு அலுவலக வாசலில் முப்பது வருடமாக மேசை போட்டு, இன்னாருடைய நிலத்தை இன்னார் வாங்கியதாக எழுதிக்கொண்டிருப்பவர். அவர் காதில் சென்ட் என்ற சொல் ஒரே அர்த்தத்தில்தான் விழும். என் முதுகில் ஓங்கித் தட்டி, "பலே! வாயத் தொறக்காம இருந்தே காரியத்த முடிச்சிட்டியேடா!" என்றார். நல்ல பொருளின் அருமை தெரிந்தவர் என்று நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லால்பேட்டை போய் ஐந்து பாட்டிலையும் வாங்கி வந்து பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் வழியில் ஒரு ஊர். பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம், பரம்பரையாக விவசாயம். ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் அளக்கிற டேப் வைத்திருப்பார் என்று வழியிலேயே சொன்னார்கள். "மாமான்னு கூப்புடு. ஜாஸ்தி பேசாத" என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்திருந்தார்.

பழைய பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த பிரிகேடியரை அன்று முழுவதுமாக என்மேல் கவிழ்த்திருந்தேன். நான் உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா மூன்று முறை தும்மினார். "யாரு இப்ப ஊதுவத்தி ஏத்துனது?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் ராஜமாணிக்கம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, லால்பேட்டையில அஞ்சு சென்ட் வாங்கியிருக்கீங்களாமே? ஒங்க மாமா சொன்னாரு."

என் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதா என்று புல்லரித்துப் போனேன்.

"ஆமாங்க மாமா. கடைசி அஞ்சு. அதுக்கப்புறம் யாருக்கும் இல்ல."

"அது சரி, அந்தப் பக்கம்லாம் இனிமே எங்க கெடைக்குது! பத்திரம்லாம்?"

"பத்திரமா பீரோவுல வச்சிருக்கேன் மாமா."

"தண்ணி எப்பிடி?"

"சொட்டுத் தண்ணி கெடையாது மாமா. நயம்."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. "பரவால்ல, ஏரி பக்கத்துலதான? போர் போட்டுக்கலாம்" என்றார். இந்த இடத்தில் புத்தியுள்ள எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவோரம் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது. அதற்கப்புறம் என் காதுகள் வேலை செய்யவில்லை.

"நாளைக்கே யாராச்சும் நல்ல வெல குடுத்தா வித்துடுவீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"உசுரே போனாலும் விக்க மாட்டேன் மாமா" என்றேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டதாகக்கூட ஞாபகம். ராஜமாணிக்கம் துண்டால் கண்ணோரம் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். மண்ணை விற்காத மாப்பிள்ளை கிடைத்துவிட்டான்.

பெண் பெயர் கவிதா. காபி கொண்டுவந்து வைத்தபோது என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே பதினோரு நாள் ஓட்டினேன். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அம்மாவோ அக்கம்பக்கம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். இது தட்டிப் போனால் இரண்டு பேருமே தாங்க மாட்டோம் என்ற நிலைமை.

பன்னிரண்டாம் நாள் அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க முதுநகர் வந்தார்கள். ராஜமாணிக்கம், அவர் மனைவி, கவிதாவின் அண்ணன் குமார், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். வீடு பார்க்க எதற்குச் சர்வேயர் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சங்கரா மீன் குழம்பும் வறுவலும் சாப்பிட்டு வெற்றிலை போட்டபின் ராஜமாணிக்கம் எழுந்தார்.

"தம்பி, வந்தது வந்தோம். அந்த அஞ்சு சென்ட ஒரு பார்வ பாத்துட்டுப் போயிடலாமா?"

"தாராளமா மாமா! இதோ ஒரு நிமிஷம்!"

நான் உள்ளே ஓடினேன். அவர்கள் எல்லோரும் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வேயர் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வேன் டிரைவரிடம், "லால்பேட்டைக்கு வுடுப்பா, இருட்றதுக்குள்ள அளந்துடணும்" என்று குமார் சொல்வது பீரோ வரைக்கும் கேட்டது. எதை அளக்கப் போகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

வெறும் கையில் எடுத்துப் போனால் மரியாதையாக இருக்காது என்று அம்மாவின் தாம்பாளத்தில் ஐந்து பாட்டிலையும் வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு ரோஜாப்பூவும் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். (அந்த ரோஜாப்பூவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.)

ராஜமாணிக்கம் தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்னா?"

"அஞ்சு சென்ட் மாமா."

விருந்துக்கு வந்திருந்த பலராமன் மாமா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். விஷயம் எனக்குப் புரிய இன்னும் ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் தாம்பாளத்திலிருந்த பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்று சத்தம் போட ஆரம்பித்தன.

"வெளையாட்றீங்களாய்யா?" என்று பலராமன் மாமாவைப் பார்த்துக் கத்தினார் ராஜமாணிக்கம். "நெலம்னு சொல்லிப் பொண்ணு கேட்டு வந்துட்டு, பாட்டிலக் காட்றீங்க! குமாரு, வண்டிய எடுக்கச் சொல்லு. இந்த சம்மந்தமே வேணாம்."

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. நான் என்னென்னவோ சொல்லப் பார்த்தேன். "எலுமிச்ச வாசன மாமா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. குமார் இதற்குள் தங்கைக்குப் போன் போட்டு, "கவி, எல்லாம் போச்சு. அது நெலம் இல்ல, பூசிக்கிற சென்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் முகம் மாறி, "அப்பா, அவ ஒங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார்.

"அப்பா, அவரு எப்பப்பா நெலம்னு சொன்னாரு? நான் கதவுக்குப் பின்னாடிதான நின்னேன். அஞ்சு சென்ட்னாரு, அஞ்சு இருக்குது. தண்ணி கெடையாதுன்னாரு. பீரோவுல வச்சிருக்கேன்னாரு. நெலத்த எந்த ஊர்லப்பா பீரோவுல வைப்பாங்க?"

முதலில் சிரித்தது சர்வேயர். டேப் கையிலிருந்து நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு குமார், பிறகு பெண்ணின் அம்மா. ராஜமாணிக்கம் மட்டும் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையா உசுரே போனாலும் விக்க மாட்டன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க மாமா."

"பாட்டிலையே இப்பிடி வச்சிக் காப்பாத்தறவரு, பொண்ண வுட்ருவாரா" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு பலராமன் மாமா பக்கம் திரும்பி, "யோவ் பத்திரக்காரரே, எழுந்திரும். இதுல ஒரு சென்ட எம்பேருக்கு எழுதிக் குடும்" என்று பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் முடிந்த பிறகு கவிதாவிடம் கேட்டேன், அன்றைக்கே உனக்குத் தெரியுமா என்று.

"தெரியாம? ஒங்களுக்கு முன்னாடி ஒங்க வாசனதான் கதவுகிட்ட வந்துச்சு. அப்புறம் பீரோன்னீங்க. புரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்பா அன்னிக்கே வேணாம்னிருப்பாரு" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. என் வாழ்க்கையில் என்னிடம் சொல்லப்பட்டதிலேயே நல்ல வாக்கியம் இதுதான். முன் பெஞ்சுப் பெண் சொன்னது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

நான்கு பாட்டிலும் ஆறு வருடத்தில் தீர்ந்தன. அதற்குப் பிறகு என்னென்னவோ வாங்கிப் பார்த்துவிட்டேன், எதிலும் பென்சில் இல்லை. போன வருடம் அண்ணாமலை நகருக்குப் பக்கத்தில் மூன்றரை சென்ட் இடம் வாங்கினோம், இந்த முறை மண். பதிவு அலுவலகத்துக்கு மாமனார் டேப்போடு வந்திருந்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் மஞ்சள் பையிலிருந்து அந்தப் பச்சை பாட்டிலை எடுத்தார். பிரிக்கவே இல்லை. இத்தனை வருடமும் நெல் மூட்டைக்கு நடுவில் வைத்திருந்தாராம். "இந்தாங்க மாப்ள, இன்னிக்கி அடிச்சிக்கோங்க" என்று தானே என் சட்டையில் இரண்டு முறை அழுத்தினார்.

முதலில் வெறும் ஸ்பிரிட் நெடிதான் வந்தது. கவிதா அவள் அம்மாவைப் போலவே மூன்று முறை தும்மினாள். பேருந்து நிலையம் வருவதற்குள் எலுமிச்சைத் தோல் வந்தது, பிறகு பென்சில். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சட்டையை இரண்டு நாள் துவைக்கப் போடவில்லை.

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் மாமனார் நிதானமாகச் சொல்கிறார்:

"எங்க மாப்ளைக்கு மொத்தம் எட்டர சென்ட்டுங்க. அதுல அஞ்சு ஆவியாப் போயிடுச்சு. மூணரதான் மிச்சம்."