டிக்கெட் எடுக்காத ஆடு

ஆட்டைக் கொன்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று பூமாரி முடிவு செய்தபோது, பேப்பரை விரித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. எதிரே பன்னிரண்டு பெண்கள் மடியில் முறம் மாதிரியான சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே காத்திருந்தார்கள்.

"என்னட்டி, வாயில கொழுக்கட்டையா? வாசி," என்றாள் கோமதித்தாய்.

பூமாரி வாசித்தாள். "ராயகிரி, ஜூலை பன்னிரண்டு. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போய்வந்த ஆடு நேற்று மாலை காலமானது."

இருபத்துநாலு கைகளும் நின்றுவிட்டன.

அவள் கையிலிருந்த பேப்பரில் ஆடு சாகவில்லை. சாவதற்கு முதலில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடும், மூன்று பேர் மட்டும் வந்து ஒத்திவைக்கப்பட்ட ஒரு கூட்டமும்தான்.

அது சங்கரன்கோவில் கீழத்தெருவில் சங்கரசுப்பு அண்ணாச்சியின் பீடி ஷெட். பெண்கள் பேசிக்கொண்டே சுற்றினால் பீடி குறைகிறது என்று அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒருத்தி பேப்பர் வாசிக்க வேண்டும். காதுக்கு வேலை கொடுத்தால் வாய் மூடும், கை ஓடும். வாசிப்பவளால் சுற்ற முடியாது என்பதால், சாயங்காலம் ஆளுக்கு ஒரு கைப்பிடி பீடியை அவள் சுளகில் போட்டுவிடுவார்கள். அந்த வேலை பத்தாவது முடித்த பதினேழு வயது பூமாரிக்குக் கிடைத்தது.

அவளுக்கு வேறு வேலையும் வராது. அவள் சுற்றிய பீடிக்கு ஒன்று தலை பெருத்திருக்கும், இல்லையென்றால் இடுப்பு ஒடிந்திருக்கும். அண்ணாச்சி ஒருதடவை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதைப் பத்தவைக்கணுமா, பல்லு குத்தணுமா?" என்று கேட்டார்.

ஆடு வந்தது மார்ச் மாதத்தில். ஒழுங்காகத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், வளைகுடாவில் ஒரு கட்டடத்தில் தீ விபத்து, தமிழர்கள் சிலருக்குக் காயம், பெயர்கள் தெரியவில்லை என்று போட்டிருந்தது. மூலையில் ஆமினாள் உட்கார்ந்திருந்தாள். கடையநல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நாள் முழுக்கப் பேசினால் நாலு வார்த்தை பேசுவாள். அவள் மாப்பிள்ளை மன்சூர் அலி துபாயில் கட்டட வேலை செய்தான். அன்றைக்கு அவள் கண் வேறு வீங்கியிருந்தது. ஜலதோஷம் போல என்று பூமாரி நினைத்தாள்.

அந்தச் செய்தியை வாசிக்க நாக்கு எழவில்லை. சும்மாவும் இருக்க முடியாது. வாயில் வந்ததை வாசித்தாள்.

"ராயகிரி. சிவனாண்டி என்பவரின் ஆடு சந்தை நாள்தோறும் தானாகவே பஸ் ஏறிப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் இறங்கி, சிதறிக் கிடக்கும் பழங்களைத் தின்றுவிட்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்புகிறது. ஆட்டுக்கு டிக்கெட் எடுக்கும்படி கண்டக்டர் கேட்டதற்கு, அதற்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை என்று சிவனாண்டி வாதிட்டார்."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. மூலையிலிருந்துகூட ஒரு சிரிப்பு வந்தது.

பத்து நாளில் மன்சூர் அலியின் கடிதம் வந்துவிட்டது. தீப்பிடித்தது அவன் இருந்த இடமே இல்லை. பூமாரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஆட்டை நிறுத்த முடியவில்லை. தினமும் பேப்பரை விரித்ததும், "ஆட்டுச் சேதி மொதல்ல" என்பார்கள். டிக்கெட் கேஸ் சிவகிரி கோர்ட்டுக்குப் போனது. வாய்தா விழுந்தது. ஆடு எலுமிச்சை தின்று தின்று பித்தம் தெளிந்துவிட்டதாக டாக்டர் சாட்சி சொன்னார்.

நாலு மாதம் ஓடிவிட்டது. இந்தத் திங்கட்கிழமைதான் அண்ணாச்சி வந்து குண்டைப் போட்டார்.

"வெள்ளிக்கெழம மதுரையிலேருந்து ஒரு டீச்சர் வாராக. யுனிவர்சிட்டி. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளையாளுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுனா மண்டையில எவ்வளவு நிக்குன்னு ஆராய்ச்சியாம்." பிறகு பூமாரி பக்கம் திரும்பினார். "நல்லாச் சொன்னா நம்ம ஷெட்டு பேரு புத்தகத்துல வரும். ஏறுக்குமாறாச் சொன்னாளுகன்னா, அன்னையோட வாசிப்பு கிடையாது. நீயும் ஒரு சுளகை எடுத்துட்டு உக்காந்துரு."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் என்ன சொல்வார்கள் என்பதில் பூமாரிக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் செவ்வாய்க்கிழமை ஆடு செத்தது. செத்துப்போனால் மறந்துவிடுவார்கள் என்று அவள் நம்பினாள்.

"எப்படிச் செத்திச்சாம்?" ஆவுடையம்மாள் கேட்டாள். அவள்தான் ஷெட்டிலேயே வேகமாகச் சுற்றுகிறவள்.

"வயசாயி."

"மூணு வயசு முடியலைன்னுதான கேசே நடக்கு."

பூமாரி பேப்பரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "திடீர்னு, மதினி. நெஞ்சு வலி."

கோமதித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று பூமாரி நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து கோமதித்தாய் முந்தானையை எடுத்துவிட்டு, "நாளைக்கு மத்தியானப் பஸ்ஸுல ராயகிரிக்குப் போயித் துஷ்டி கேட்டுட்டு வந்துருவோம்," என்றாள். "நாலு மாசமாக் கேட்டுருக்கோம். எழவுக்குப் போகாட்டி நல்லாவா இருக்கும்?"

"ஆமா, சிவனாண்டி அண்ணாச்சி முகத்துல எப்படி முழிக்க?" என்றாள் ஆவுடையம்மாள்.

ராயகிரியில் எத்தனை சிவனாண்டி இருக்கிறார்களோ, அதில் எவன் வீட்டு வாசலில் பன்னிரண்டு பேர் போய் ஒப்பாரி வைக்கப் போகிறார்களோ. பூமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில் பேப்பரை விரித்த வேகத்தில் வாசித்தாள்.

"திருத்தம். ராயகிரி ஆடு காலமானதாக நேற்று வெளியான செய்தி தவறு. இறந்தது அதன் சித்தப்பா. தவறுக்கு வருந்துகிறோம்."

"அப்பம் நம்ம ஆடு உசுரோட இருக்கு," என்றாள் கோமதித்தாய்.

"இருக்கு மதினி. நல்லா இருக்கு. நீங்க போக வேண்டாம்."

"அதெப்படி? சித்தப்பன் செத்த துக்கத்துல இருக்கும். அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவோம்."

பூமாரி பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கே விளையாட்டுச் செய்தி இருந்தது. "கடைசியாகக் கிடைத்த தகவல்படி," என்று அதைப் பார்த்தே வாசித்தாள், "வழக்கு ஐகோர்ட்டுக்கு மாற்றப்பட்டதால் ஆடு மெட்ராஸ் சென்றுள்ளது."

"ரயில்லயா?"

"ரயில்லதான்."

"டிக்கெட் எடுத்தாகளா?" என்றாள் ஆவுடையம்மாள்.

பூமாரி அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். கோமதித்தாய் மறுபடியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், எவ்வளவு இளகிய மனசு.

வியாழக்கிழமை பூமாரி மனசைக் கல்லாக்கிக்கொண்டு நிஜச் செய்தி மட்டுமே வாசித்தாள். மண்ணெண்ணெய், மெட்ராஸ் தண்ணீர்ப் பஞ்சம், அமைச்சர் பேச்சு, ஒன்றையும் விடவில்லை. தொண்டை வறண்டதும் நிறுத்தி, "இப்பம் வாசிச்சதுல என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்," என்று கேட்டாள்.

எல்லோரும் யோசித்தார்கள். பிறகு ஆவுடையம்மாள், "ஐகோர்ட்டுல ஆட்டை எங்கன நிப்பாட்டுவாக?" என்று கேட்டாள். "கூண்டுலயா?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூமாரி கோமதியம்மன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசினாள். நம்பிக்கை போதாமல் கொஞ்சம் நாக்கிலும் வைத்துக்கொண்டாள்.

மதுரை டீச்சர் தனலெட்சுமி பத்து மணி பஸ்ஸில் வந்தாள். தோளில் ஒரு டேப் ரெக்கார்டர், கையில் அச்சடித்த தாள்கள். பெண்கள் ஒவ்வொருவராக எதிரே போய் உட்கார்ந்தார்கள். பூமாரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரேடியோ கேக்கிற வழக்கம் உண்டா?" எல்லோரிடமும் முதல் கேள்வி அதுதான்.

"எங்கன டீச்சர் நேரம்? வேலையே சரியா இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள். அப்படியேதான் மற்றவர்களும் சொன்னார்கள். ஆமினாளும் இல்லையென்று தலையாட்டினாள்.

பூமாரிக்கு உறுத்தியது. மன்சூர் அலி அனுப்பிய, தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஆமினாள் வீட்டில் இருந்தது. அங்கேதான் கிணறும் இருந்தது. பீடி சுற்றுகிறவர்கள் எல்லோரும் காலையில் அவள் முற்றத்தில் கூடி இலையை நனைத்து வெட்டிக்கொண்டுதான் ஷெட்டுக்கு வருவார்கள். ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டிய காலம்; அவள் எடுக்கவில்லை, அதுதான் பயந்துவிட்டாள் போல.

"சரி. இங்க பேப்பர் வாசிச்சதுல எது ஞாபகம் இருக்கு?"

பூமாரி கண்ணை மூடிக்கொண்டாள். வந்துவிட்டது ஆடு.

ஆவுடையம்மாள் தொண்டையைச் செருமினாள். "மண்ணெண்ணெய் விநியோகத்தைச் சீர்படுத்த நடவடிக்கை எடுக்கப்படும் என்று அமைச்சர் தெரிவித்தார்," என்றாள், மூச்சுவிடாமல்.

பூமாரி கண்ணைத் திறந்தாள்.

அடுத்து கோமதித்தாய். "போன மாசம் லண்டன்ல நம்ம ஆளுக கிரிக்கெட்டுல கப்பு வாங்கிட்டாக." அந்தச் செய்தி வந்த அன்று, ஆட்டுக்கு வக்கீல் கிடைத்ததைத்தான் பூமாரி வாசித்திருந்தாள். இன்னொருத்தி அணை நீர்மட்டம் சொன்னாள். கடைசியாக வந்த ஆமினாள் தலையைக் குனிந்தபடி, "மார்ச்சு மாசம் வளைகுடாவுல ஒரு கட்டடத்துல தீ. நம்ம ஆளுகளுக்கும் காயம்," என்றாள்.

"இதெல்லாம் யாரு வாசிச்சுக் கேட்டீங்க?"

ஆமினாள் கையை நீட்டிப் பூமாரியைக் காட்டினாள்.

அந்தத் தீயைப் பூமாரி வாய் திறந்து வாசிக்கவே இல்லை.

டீச்சர் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "நாலு ஊர்ல கேட்டுட்டேன்மா. பாதிப் பேருக்கு ஒரு செய்திகூட நிக்கல. இங்க மாசம் முதக்கொண்டு சொல்றாங்க. அடுத்த மாசம் கடையநல்லூர், புளியங்குடியில பத்து ஷெட்டுல கேக்கணும். எனக்குத் துணையா வர்றியா? தாள் எழுத ஒரு ஆள் வேணும்."

"நான்தான் டீச்சர் பழக்குனேன்," என்றார் அண்ணாச்சி. டீச்சரை பஸ் ஏற்றிவிட அவரே பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் பூமாரி பேப்பரைக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மதினி, நான் ஓடிப்போயி டீச்சர்ட்ட சொல்லிருதேன். நான் உங்களுக்கு நெசச் சேதியே வாசிக்கல. ராயகிரியில ஆடே கிடையாது. சிவனாண்டியும் கிடையாது. எல்லாம் நானாச் சொன்னது. நீங்க எப்படி இதெல்லாம் சொன்னீகன்னுகூட எனக்குத் தெரியல."

கோமதித்தாய் முந்தானையைத் தேடினாள். ஆமினாள்தான் எழுந்து வந்து, ஒரு கைப்பிடி பீடியைப் பூமாரியின் சுளகில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெசச் சேதியெல்லாம் எங்க வீட்டு ரேடியோ காலையில ஏழே காலுக்கே சொல்லிருது மக்கா. அந்தத் தீயைக் கேட்டு நான் அழுதுட்டு வந்து உக்காந்த அன்னைக்குத்தான் நீ ஆட்டைப் பஸ்ஸுல ஏத்துன. கண்ணைத் தொடச்சிட்டு வாசி, ஐகோர்ட்டுல என்ன சொன்னாக?"