ஆளுக்கொரு அடுப்பு

வேகபுரி மன்னருக்கு ஒரே கவலைதான். பக்கத்து நாடுகள் எல்லாம் அவர் நாட்டைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. வளர்ச்சி அமைச்சர் ஆழ்ந்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"மன்னா, நம் மக்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் அடுப்பு ஒன்றுதான். பிரித்து வைத்தால் நாலு அடுப்பு விற்கும்."

ஆளுக்கொரு வீடு என்று சட்டம் வந்தது. நூல் ஆலையில் வேலை பார்த்த தில்லைநாயகியை ஆற்றுக்கு இக்கரையிலும் அவள் கணவன் மருதையனை அக்கரையிலும் குடிவைத்தார்கள். அடுப்பு விற்றது. பாய் விற்றது. எல்லாவற்றையும்விடப் பூட்டு விற்றது. ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கத் தில்லைநாயகிக்குக் கைவரவே இல்லை; தினமும் சோறு மிஞ்சியது.

இலவசப் பேச்சால் நாட்டுக்கு வருமானம் இல்லை என்றது அடுத்த சட்டம். மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால், பேச்சுத் துணைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஆளை வரவழைக்க வேண்டும். சொந்தக்காரர்களைச் சும்மா பார்த்துவரப் போவதும் குற்றமாயிற்று.

மழைக்காலம் முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. தன் குரலே மறந்துவிடுமோ என்று பயம் வந்தபோது, கூலியைச் சேர்த்து நிறுவனத்தில் கட்டினாள்.

கதவைத் திறந்தால், சீருடையில் மருதையன்.

"உன்னைப் பாக்க வேற வழி தெரியல. அதான் இந்த வேலையில சேந்தேன்" என்றான். உடனே குரலைத் தாழ்த்தினான். "சொந்த விஷயம் நான் பேசக் கூடாதாம். நீ பேசு, கேக்குறேன்."

"பேசறதுக்கு என்னங்க இருக்கு? இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே. சாப்பிட்டீங்களா?"

அவன் பதில் சொல்லவில்லை. அது சொந்த விஷயம். ஆனால் மிஞ்சிய சோற்றை அவள் எடுத்து வைத்ததும், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

அதன்பிறகு அவள் பகலும் இரவும் ஆலையிலேயே கிடந்தாள். வாராவாரம் கட்டணம் கட்டினாள்; வாராவாரம் அவன் வந்தான். நாட்டின் வளர்ச்சிக்கு மிக அதிகம் உழைத்த பெண் என்று அரசு அவளை மேடையேற்றியது.

"இப்படி உழைக்க எது உங்களைத் தூண்டியது, அம்மா?" என்று அமைச்சர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரைப் பாக்கணுங்க. வேற ஒண்ணுமில்ல."

அமைச்சரின் முகம் மலர்ந்தது. மன்னர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீர்களா, மன்னா? கட்டணத்தை இரட்டிப்பாக்கினால் இன்னும் உழைப்பார்கள்!"

மன்னர் அங்கேயே முத்திரை இட்டார். பக்கத்து நாட்டுத் தூதர்கள் வியப்போடு குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"ஐயா... அப்ப இந்த வாரம் அவரு வரமாட்டாருங்களா?" என்றாள் தில்லைநாயகி.

அதைக் காதில் வாங்க, அந்த மேடையில் யாருக்கும் யாரும் பணம் கட்டியிருக்கவில்லை.